சின்ன கேசட்டின் வாடகை விஷயமாக மைத்துனருக்கு எழுதியது

உத்திரமேரூர்,
28-7-1985

பஹ்ரைன் தேசத்தில் கம்பெனி உத்தியோகத்தில் இருக்கும் என் மைத்துனர் சிரஞ்சீவி பச்சமுத்துவுக்கு, உத்திரமேரூர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைக்கும் ஏகாம்பரம் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காள் ஆதிலட்சுமியும் உன் அக்காள் மகள் மலர்க்கொடியும் நலம் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். இத்தனை வருஷம் பத்திரம் எழுதியதில் கூலி வாங்காமல் ஒரு பொய்யும் நான் எழுதியதில்லை. இந்தக் கடிதத்துக்கு நீ கூலி தரப்போவதில்லை என்பதால், நாங்கள் நலமாக இல்லை என்பதைத் தெரியப்படுத்துகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விலை விஷயத்தில் இன்னொருவனுக்கு யோசனை சொல்கிறவர்கள் பொதுவாக நலமாகவே இருக்கிறார்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவணி மாதம் கடைசி முகூர்த்தத்தில் மலர்க்கொடிக்கும் தாமல் ராஜாராமின் மகனுக்கும் நடப்பதாக இருந்த கல்யாணம் இப்போது நடக்குமா என்பது சந்தேகம். பையன் காஞ்சிபுரத்தில் கூட்டுறவு பண்டகசாலையில் வேலை பார்க்கிறான். தங்கமான பையன். பெண் பார்க்க வந்த அன்று காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள். அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தான். அவர்கள் போன பிறகு பாத்திரத்தில் மிச்சமிருந்த காபியைக் குடித்துப் பார்த்த மலர்க்கொடி, அன்றிலிருந்து தாமல் பக்கம் போகிற பஸ்ஸின் சத்தம் கேட்டால் தலையை ஒதுக்கிக்கொள்கிறாள். இந்தக் கல்யாணம் நிற்கிற நிலைமைக்கு வந்ததற்குக் காரணம் ஜாதகமும் இல்லை, நகையும் இல்லை. தை மாதம் நீ அனுப்பிய வீடியோ டெக். அதைவிடச் சரியாகச் சொன்னால், அதற்கு நான் வைத்த வாடகை. அதைவிடவும் சரியாகச் சொன்னால், நீ வைக்கச் சொன்ன வாடகை.

டெக் வந்து இறங்கிய அன்று தெருவே வந்து பார்த்தது. உலகத்தில் டெக் இரண்டு வகை, பெரிய கேசட் போடுவது ஒன்று, சின்ன கேசட் போடுவது ஒன்று, ஒன்றின் கேசட் மற்றதில் நுழையாது, நான் அனுப்பியிருப்பது சின்னது, அதில்தான் படம் துல்லியம், விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள், அதுவும் இப்போது இங்கே விலையைக் குறைத்திருக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். மச்சான், விவரம் தெரிந்தவர்கள் உத்திரமேரூரில் எத்தனை பேர் என்று ஒரு வரி கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாம். இங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் கன்னியப்பன் ஏற்கெனவே ஒரு பெரிய கேசட் டெக் வாங்கி, கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ராத்திரி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். டெக், கலர் டி.வி., மூன்று படம், ஓட்டுவதற்கு ஆள், எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய். நானும் இருநூறு என்றே வைத்தேன். அதே மூன்று படம். ஆபரேட்டராக, ஒயரிங் வேலை தெரிந்த ஞானதாஸ். பத்திர வேலை இல்லாத முகூர்த்த நாட்களில் நானே சைக்கிளில் டெக்கை வைத்துக் கட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவதாக ஏற்பாடு.

முதலில் வந்தவள் திருப்புலிவனம் சிட்டம்மாள். பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. வரும்போதே கன்னியப்பன் கடையில் ஒரு பெரிய கேசட்டை மாதிரிக்கு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். என்னுடைய கேசட்டை அதன் பக்கத்தில் வைத்துக் கத்தரிக்காய் பொறுக்குகிறவளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா ரைட்டரே, அது இம்மாம் பெருசு கீது. இது சோப்பு டப்பா மாதிரி கீது. ரெண்டுக்கும் ஒரே துட்டா?"

"படம் ஒண்ணுதாம்மா. அளவுல ஒண்ணும் இல்ல."

"அளவுல ஒண்ணும் இல்லன்னா அவன் எதுக்கு பெருசா செஞ்சிகீறான்? கிறுக்கனா?"

"இதுலயும் மூணு மணி நேரம் முழுசா ஓடும்."

"இத்துனூண்டுல மூணு மணி நேரத்த அடச்சி வெச்சிகீறன்னா, வெடுக்கு வெடுக்குன்னு ஓட்டிடுவ. நாங்க இன்னாத்த பாக்கறது?"

ஞானதாஸ் என் உதவிக்கு வந்தான். "யக்கா, இதுல படம் நல்லா தெளிவா கீதுக்கா."

"தெளிவா பாத்து நான் இன்னாடா பண்ணப் போறேன்? கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறனா?" என்றவள், என் பக்கம் திரும்பி, "பஸ்ஸுல கொயந்தைக்கு அர டிக்கெட்டுதான வாங்கறான்? அர டிக்கெட் போட்டுக் குடு, எடுத்துக்கறேன்" என்றாள்.

நிலத்தை அளந்து விலை போட்டு எழுதியே பழகிய எனக்கு அந்த வாதம் நியாயமாகவே பட்டாலும், அரை வாடகைக்கு நான் ஒப்பவில்லை. அவள் பெரிய கேசட்டை எடுத்துக்கொண்டு கன்னியப்பனிடமே போய்விட்டாள்.

இதை நான் உனக்கு எழுதியபோது நீ என்ன பதில் எழுதினாய் என்பது உனக்கு மறந்திருக்கலாம். உன் கம்பெனி மேனேஜர் சொன்னதாக எழுதினாய். போட்டி என்று வந்துவிட்டால் முதலில் விலையைக் குறைக்கிறவன் சந்தையைப் பிடித்துவிடுவான், எதிராளியும் குறைப்பான், நாம் மறுபடி குறைக்க வேண்டும், கடைசியில் அவன் கடையை மூடுவான், பிறகு நாம் வைத்ததுதான் விலை. படிக்கும்போது எனக்கு ரத்தம் சூடேறியது. உடனே நூற்றைம்பது என்று குறைத்து, பஸ் ஸ்டாண்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், 'இங்கு குறைந்த வாடகைக்கு வீடியோ டெக் கிடைக்கும்' என்று ஒரு போர்டு எழுதி மாட்டினேன். கன்னியப்பன் கடையை விட்டு இறங்கி வந்து போர்டை இரண்டு தரம் படித்தான். பக்கத்துக் கடையில் ஒரு கோலி சோடா வாங்கிக் குடித்தான். மறுநாள் அவனுடைய வாடகையை இருநூற்றைம்பதாக உயர்த்திவிட்டான்.

அன்று சாயங்காலம் உன் அக்காளிடம், "கன்னியப்பனுக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சு" என்று சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த வருஷத்தில் நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

பங்குனியில் கல்யாணப் பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. 'இரவு பெரிய கேசட்டில் வீடியோ படக்காட்சி நடைபெறும்' என்று தனி வரியாக அச்சடித்திருந்தார்கள். அதற்குக் கீழேதான் 'தங்கள் நல்வரவை நாடும்' பெரியவர்களின் பெயர். மானாம்பதியில் ஒரு கல்யாண வீட்டுக்காரன் தெரியாத்தனமாக என் டெக்கை எடுத்துவிட்டான். பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டார் சாம்பாரை விட்டுவிட்டு டெக்கைப் பற்றியே பேசினார்களாம். "பொண்ணுக்கு செயின் போட்டுட்டு டெக்குல மிச்சம் பிடிச்சிட்டான் பாரு" என்று ஒருவர். "வடையே சின்னதாத்தான் கீது, கவனிச்சியா" என்று இன்னொருவர். அந்தப் பெண்ணைப் பெற்றவன் இன்றுவரை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். குறைந்த வாடகை என்று ஊருக்கே தெரிந்த ஒரு பொருளை எவன் தன் வீட்டுக் கல்யாணத்தில், நாலு பேர் மொய் எழுதுகிற இடத்தில் கொண்டுவந்து வைப்பான்? அது குறைந்த வாடகைதான் என்பதை ஊருக்கு அறிவித்தவன் கன்னியப்பன் அல்ல. நான். என் செலவில், பெயிண்டர் கூலி கொடுத்து.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். உனக்கு எழுதினேன். நீ, "இன்னும் போதுமான அளவுக்குக் குறைக்கவில்லை" என்று எழுதினாய். நூறு ஆக்கினேன்.

நூறு ஆக்கிய மூன்றாம் நாள் இருசப்பன் வந்தான். தோளில் துண்டு, முகத்தில் தாடி. அவன் அப்பா தவறிப்போய்ப் பதினாறாம் நாள் கருமாதி வருகிறது. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். கருமாதி அன்று ராத்திரி கூத்து வைத்து விடியும்வரை ஜனங்களை விழித்திருக்கச் செய்ய வேண்டும். ஆனால் கூத்துக்காரர்கள் என்றால் பதினைந்து பேர், இரண்டு வேளைச் சாப்பாடு, பெட்ரோமாக்ஸ், வண்டிச் சத்தம். கூத்து தொடங்குவதற்கு முன்னால் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய, கடிதத்தில் எழுத முடியாத ஒரு பானம் வேறு.

"ரைட்டரே, கல்யாண டெக்குன்னா நம்மளால ஆவாது. ஒன்னுது நூறு ரூபாதானாமே? எங்கப்பனுக்கு அது போதும்" என்றான்.

மச்சான், அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. நான் கன்னியப்பனோடு போட்டி போட்டுக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். என் விலை அவனைத் தாண்டி, அவனுக்குக் கீழே வெகு தூரம் போய், கிரீடம் கட்டி முகத்தில் அரிதாரம் பூசிய ராஜாக்கள் மேல் முட்டிக்கொண்டு நின்றது. பெரிய கேசட்டை ஜெயிப்பதற்காகக் குறைத்த விலையில் நான் ஜெயித்தது கூத்தை.

அதற்குப் பிறகு தொழில் ஓகோ என்று நடந்தது. அதை நான் மறைக்கவில்லை. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் வெயில் கடுமை. வயதானவர்கள் நிறையப் பேர். முதல் படம் பக்திப் படம், இரண்டாவது சண்டைப் படம், மூன்றாவது எல்லோரும் தூங்கிவிடுவதால் ஞானதாஸுக்குப் பிடித்த படம். கன்னியப்பன் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவு வீட்டுக்காரர்கள் அவன் கடைக்குப் போனால், "நம்ம டெக்கு அதுக்கெல்லாம் போவாதுங்க, ரைட்டர் வூட்டுக்குப் போங்க" என்று வழி சொல்லி, சைக்கிளும் வாடகை இல்லாமல் கொடுத்து அனுப்பினான். நல்ல மனுஷன் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்.

விளைவு இதுதான். தாலுகா முழுவதும் பெரிய கேசட் என்றால் கல்யாணம், சின்ன கேசட் என்றால் கருமாதி என்று ஆகிவிட்டது. நான் சைக்கிளில் போனால் வயலில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து, "ரைட்டரே, யாரு பூட்டாங்க?" என்று கேட்கிறார்கள். உடம்பு சரியில்லாதவர்களை நான் போய்ப் பார்க்க முடிவதில்லை. நமக்குத் தூரத்து உறவான ஆண்டாளம்மாள் ஒரு மாதமாகப் படுக்கையில் இருந்தாள். மனசு கேட்காமல் நாலு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவள், ஒருவர் கையையும் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்தாள்.

"அட்வான்ஸு வாங்க வந்தியாடா பாவி? நான் இன்னும் பூடலடா! இன்னா படம் போடறதுன்னு கேக்க வந்தியா?"

"இல்ல பெரியம்மா, சும்மா பாத்துட்டுப் போலாம்னு..."

"இந்த நூறு ரூபாய்க்காவ நான் சாவணுமா? எய்ந்து போடா!"

அன்று எழுந்தவள்தான். இப்போது தினமும் ரேஷன் கடை வரைக்கும் நடந்து போய் வருகிறாள். அவள் மகன் எனக்கு நன்றி சொல்லிவிட்டு, இனிமேல் அந்தப் பக்கம் வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான்.

இந்தப் பேச்செல்லாம் தாமலுக்கு எப்படிப் போயிற்று என்றால், கன்னியப்பனின் தாயார் தாமல்காரி. ராஜாராமுக்குப் பங்காளி உறவு. போன வாரம் ராஜாராமும் அவர் சம்சாரம் சொக்கம்மாளும் வந்தார்கள். ராஜாராம் சாது. வந்ததிலிருந்து போகிறவரை எங்கள் வீட்டு உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது முழுக்க அந்த அம்மாள்தான்.

"ரைட்டரே, தப்பா நெனச்சிக்காதீங்க. பொண்ணு எடுக்கறது யார் வூட்லன்னு கேக்கறாங்க. சொன்னா, ஓ, அந்த நூறு ரூபா கருமாதி டெக்கு வூடான்றாங்க. எனக்கு தெருவுல தல காட்ட முடியல. ரொம்ப பேஜாரா கீது."

"தொழில்தானேம்மா" என்றேன்.

"தொயிலுதான். யாரு இல்லன்னா? ஆனா கல்யாணம் நடக்கணும்னா மொதல்ல அத்த நீங்க விட்டுடணும். அப்பறம், கல்யாணத்து ராத்திரி பெரிய கேசட்டு போட்டே ஆவணும். எங்க ஜனம் மொத்தமும் பாக்கணும். இன்னாங்க, சொல்லுங்களேன்."

ராஜாராம் உத்தரத்தைப் பார்த்து, "ஆமா" என்றார்.

அவர்கள் படி இறங்கும்போது சொக்கம்மாள் என்னைச் சம்பந்தி என்று கூப்பிடுவாளா என்று காது கொடுத்துக் கேட்டேன். "வரேன் ரைட்டரே" என்றுதான் சொன்னாள்.

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மலர்க்கொடி வெளியே வந்தாள். "ஏம்பா, நீ அம்பது ரூபா கொறச்சதுக்கா என் கல்யாணம் நிக்குது?" என்றாள்.

"அப்பிடியில்லம்மா."

"பின்ன?"

"நூறு ரூபா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. அவள் அழவில்லை. டெக்கின் மேல் போர்த்தியிருந்த, அவளே பூ வேலை செய்த துணியை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. உன் அக்காள், "எங்க தம்பி அனுப்பிச்ச பொட்டி நல்லாத்தான் கீது. வெல வெக்கத் தெரியாத ஆளு கையில குடுத்தான் பாரு, அதான் தப்பு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். விலை வைத்தவன் நீ என்று நான் சொன்னதற்கு, "அவன் சொன்னா ஒனக்கு எங்க போச்சு புத்தி?" என்கிறாள். இரண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ தப்பித்துக்கொள்கிறாய்.

சரி, மகள்தான் முக்கியம் என்று கன்னியப்பன் கடைக்குப் போனேன். கல்யாண ராத்திரிக்கு அவன் டெக் வேண்டும், கேட்ட வாடகை தருகிறேன் என்றேன். அவன் பங்க்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான்.

"வாடகையா? இன்னா ரைட்டரே நீங்க. ஒங்க பொண்ணு எங்க பொண்ணு மாதிரி. சும்மாவே வந்து போட்டுட்டுப் போறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு" என்றான். "நீங்க தொயில விடப் போறதா காதுல வியுந்துது. அது மட்டும் கூடாது. வெலயும் ஏத்தக் கூடாது. அதே நூறுல இருக்கணும்."

"நான் விட்டா உனக்கு நல்லதுதானப்பா? போட்டியே இருக்காதே?"

"இன்னா போட்டி? நீங்க நூறுல கீறதாலதான் நான் எரநூத்தம்பதுல கீறேன். எவனாவது வந்து இன்னா கன்னியப்பா, அநியாய வெலயா கீதேன்னு கேட்டா, நூறு ரூபாய்க்கு வேணுமா, ரைட்டர் வூட்ல கீது, போய் எடுத்துக்கோன்றேன். ஒருத்தன் வாயத் தொறக்கறதில்ல. நீங்க கடைய மூடிட்டா நாளைக்கே என்னப் பாத்து எரநூறுக்குத் தரியாம்பான். அப்பறம் நூத்தம்பதும்பான். நான் எங்க போறது?"

மச்சான், ஒருவன் இறங்க இறங்கத்தான் எதிராளி ஏறுவான் என்று உன் மேனேஜருக்கு யார் சொல்லப் போகிறார்கள்? இந்த மனுஷன் நாலு மாதமாக என்னை உரம் போட்டு வளர்த்திருக்கிறான். சாவு வீட்டுக்காரர்களுக்குச் சைக்கிள் கொடுத்து அனுப்பினானே, அது உரம்.

இப்போது என் நிலைமையைப் பார். தொழிலை விடாவிட்டால் தாமல்காரர்கள் பெண் எடுக்க மாட்டார்கள். விட்டுவிட்டால் கன்னியப்பன் பெரிய கேசட் தர மாட்டான். பெரிய கேசட் இல்லாவிட்டாலும் தாமல்காரர்கள் பெண் எடுக்க மாட்டார்கள். காஞ்சிபுரத்தில் இருக்கிற பெரிய டெக் எல்லாவற்றையும் அந்தக் கடைசி முகூர்த்தத்துக்காக மற்றவர்கள் முன்பே பேசி வைத்துவிட்டார்கள். நான்கு எல்லையும் கண்டு எழுதிய பத்திரத்தில்கூட எங்காவது ஒரு நடைபாதை விட்டிருப்பார்கள். இதில் அதுவும் இல்லை.

ஆகையால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இன்று முதல் தொழிலை விட்டுவிட்டேன். ஞானதாஸிடம் சொல்லி டெக்கைத் துடைத்து வைக்கோல் வைத்துக் கட்டிவிட்டேன். நீ உடனே அங்கே பெரிய கேசட் டெக் ஒன்று வாங்கி, ஆவணிக்குள் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டும். விலை அதிகம் கேட்டால் சந்தோஷமாகக் கொடு. குறைத்துக் கொடுத்தால் வாங்காதே. உனக்கு அந்தச் சின்ன டெக்கை விலை குறைத்து விற்ற கடைக்காரன், அந்த ஊர்க் கருமாதிக்கு வைத்திருந்ததைத்தான் உன் தலையில் கட்டியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மலர்க்கொடியின் வாழ்வு உன் கையில் இருக்கிறது. நம் வைகுண்டப் பெருமாள் உனக்கு நீண்ட ஆயுளும், விலை சொல்கிற இடத்தில் வாயைத் திறக்காமல் இருக்கிற மனமும் அருள வேண்டும். உன் அக்காள் ஆசி சொல்லச் சொன்னாள். மலர்க்கொடி ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் நன்மையையே விரும்பும்
மு. ஏகாம்பரம்,
பத்திர எழுத்தர்.

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை ஒட்டி வைத்தேன். தபாலில் சேர்ப்பதற்குள் கன்னியப்பனின் அப்பா காலமாகிவிட்டார். பெரியவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததுமே கன்னியப்பன் தன் டெக்கை வீட்டிலிருந்து எடுத்துச் சைக்கிள் கடையில் வைத்துப் பூட்டிவிட்டான் என்றும், டாக்டரை அதற்குப் பிறகுதான் கூப்பிட்டான் என்றும் பேச்சு. நேற்று கருமாதி ஏற்பாடு பேச உட்கார்ந்தார்கள். துக்கம் கேட்கப் போன நானும் ஓரமாக உட்கார்ந்தேன். தாமலிலிருந்து ராஜாராமும் சொக்கம்மாளும் வந்திருந்தார்கள். ராத்திரிக்குக் கூத்தா, வீடியோவா என்று பேச்சு வந்தது. "வூட்லயே டெக்கு கீது, அதயே போட்டுடேன்" என்றான் ஒரு பங்காளி. கன்னியப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கருமாதியில் ஒரு ராத்திரி ஓடிய டெக்கை மறுநாள் எந்தக் கல்யாண வீடும் சேர்க்காது. நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரைட்டரே, நைனாவுக்கு நீங்கதான் போடணும்."

"நான் தொழில விட்டுட்டேனேப்பா."

"அப்பிடிச் சொல்லாதீங்க. ஒங்க பொண்ணு கல்யாணத்துக்கு நான் வரேன். நீங்க தொயில விடுங்க, விடாம இருங்க, ஒரு பேச்சு கெடயாது. நைனாவுக்கு மட்டும் போட்டுடுங்க."

மனசு இளகி, "சரி, நூறு குடு" என்றேன்.

கன்னியப்பனின் சித்தப்பா எழுந்து நின்றார். "இன்னாது, நூறா? ஊரான் வூட்டுக் காதுகுத்துக்கு எரநூத்தம்பது வாங்கறவன், பெத்த அப்பனுக்கு நூறு ரூபா டெக்கா வெக்கறான்?"

கன்னியப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "யாரு நூறுன்னது? ரைட்டரு பயக்கத்துக்கு சொல்றாரு. முந்நூறு."

"அது ஒன் கல்யாண ரேட்டுக்கு அம்பது மேல. அவ்வளவுதானா ஒங்கப்பன்?"

"நானூறு."

"ஒன்ன தோள்ல தூக்கிக்கினு போய் தேரு காட்டுன மனுஷன்டா" என்று சொல்லிச் சித்தப்பா அழுதார். பெண்கள் பக்கத்திலும் அழுகை கிளம்பியது.

"ஐநூறு!" என்றான் கன்னியப்பன். அவனும் அழுதுகொண்டிருந்தான். எதற்காக என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இதில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, மச்சான். விலை தானாக ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது பெண்கள் நடுவிலிருந்து சொக்கம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது. "அவரு யாருன்னு கேக்கறீங்களா? எங்க சம்பந்திதான்."

வெளியே வந்ததும் என்னை வேலியோரம் கூப்பிட்டு, கல்யாணத்துக்குக் கன்னியப்பன் டெக் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "ஐநூறு ரூபா டெக்கு நம்ம வூட்லயே கீறப்போ, எரநூத்தம்பது ரூபா டெக்கு எதுக்கு சம்பந்தி? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"அது கருமாதி டெக்குன்னு சொன்னீங்களேம்மா."

"நான் எங்க கருமாதின்னேன்? நூறு ரூபான்னுதான சொன்னேன்."

ராஜாராம் வேலியைப் பார்த்து, "ஆமா" என்றார். மலர்க்கொடி நேற்று ராத்திரி இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள்.

ஆகவே மேலே எழுதியவற்றை ரத்து செய்துகொள்ளவும். பெரிய டெக் அனுப்ப வேண்டாம். சின்னதிலேயே இன்னொன்று வாங்கி அனுப்பு. அங்கே அதை இன்னும் குறைத்துத்தான் விற்கிறார்கள் என்றால் இரண்டாக வாங்கு. கடை ரசீதை மட்டும் கடலில் போட்டுவிடு. சுங்கத்தில் கட்டுகிற தீர்வை எப்படியும் பெரிய தொகை, கொண்டுவருகிறவரிடம் சொல்லி அந்த ரசீதைப் பெட்டியின் மேலேயே ஒட்டிக் கொண்டுவரச் சொல். பெட்டியைப் பிரிக்கும்போது சம்பந்தியம்மாள் கூட இருப்பாள்.